தேநீர்ச் சோப்புக்குள் கோதுமை: ஜப்பானில் 2,111 பேருக்கு ஒவ்வாமை வந்த கதை

முகம் கழுவும் சோப்பு ஒன்றால் பலருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது என்று 2011இல் ஜப்பானில் செய்தி வெளியானபோது பலரால் அதை நம்ப முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் ரொட்டி, ஊடோன் நூடுல்ஸ், கேக் எல்லாம் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டு வந்தவர்கள். கோதுமை அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. ஒரு குறிப்பிட்ட சோப்பைச் சில மாதங்களோ சில வருடங்களோ பயன்படுத்திய பிறகு, அதே ரொட்டி அவர்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனது.

அழகுசாதனப் பொருட்களில் உள்ள தாவரப் பொருள்கள் தோல் வழியாக என்ன செய்யக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

சோப்பின் பெயர் 'சா நோ ஷிசுகு'. தேயிலைத் துளி என்று சொல்லலாம். ஃபுகுவோகா மாகாணத்தில் உள்ள யூகா என்ற நிறுவனம் 2004 முதல் இதைத் தபால் வழியாக விற்றது. டிவி விளம்பரங்கள் எங்கும் ஓடின. பச்சைத் தேயிலை, மென்மையான அடர்ந்த நுரை, வயதானாலும் பளிச்சென்ற முகம் என்பதுதான் விற்பனைப் பேச்சு. 2010 வரை ஏறக்குறைய 4 கோடியே 65 லட்சம் கட்டிகள் விற்றன. வாங்கியவர்கள் சுமார் 46 லட்சம் பேர். சோப்பில் 0.3 சதவீதம் இன்னொரு தாவரப் பொருளும் இருந்தது: நீராற்பகுத்த, அதாவது துண்டுகளாக உடைத்த, கோதுமைப் புரதம். விளம்பரத்தில் அதற்கு இடமில்லை. பின்பக்கப் பொருள் பட்டியலில் மட்டும் இருந்தது.

நோயாளிகள் சொன்னது

பல மருத்துவமனைகளில் பதிவான வரலாறுகளைப் படித்தால் ஒரே சாயல் தெரிகிறது. நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண். முகம் கழுவியதும் கண் லேசாக அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கன்னத்தில் தடிப்பு வருகிறது. அரை மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிடுகிறார். ஜப்பானில் வசந்த காலத்தில் மகரந்த ஒவ்வாமை லட்சக்கணக்கானவர்களுக்கு உண்டு. எனவே அந்த நினைப்பில் தவறு சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு நாள் காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க வேகமாக நடக்கிறார், அல்லது வீட்டு வேலையில் இறங்குகிறார். கண்ணிமை இரண்டும் திறக்க முடியாத அளவுக்கு வீங்குகின்றன. உடம்பெங்கும் தடிப்பு. மூச்சுத் திணறல். சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம். மருத்துவர்கள் அனஃபிலாக்சிஸ் என்று அழைக்கும், உயிரையே பறிக்கக்கூடிய நிலை இது.

இன்னும் சிலருக்கோ சோப்பைப் போட்டபோது முகத்தில் எந்தத் தொந்தரவும் தெரியவே இல்லை. முதல் அறிகுறியே சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. அவர்கள் எப்படித்தான் சோப்பைச் சந்தேகிப்பார்கள்?

மருத்துவர்களைக் குழப்பிய ரத்தப் பரிசோதனை

கோதுமை சாப்பிட்டு, அதன்பின் உடம்பை வருத்தினால் மட்டும் வரும் ஒவ்வாமை மருத்துவத்துக்குப் புதிதல்ல. உடற்பயிற்சியும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் குடலிலிருந்து ஒவ்வாமைப் புரதம் ரத்தத்துக்குள் போவதை அதிகமாக்குகின்றன. வெறுமனே சாப்பிட்டால் ஒன்றுமில்லை, சாப்பிட்டுவிட்டு ஓடினால் ஆபத்து. இந்த வகை நோயாளிகளைக் கண்டறிய நல்ல ரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதத்துக்கு எதிரான ஐஜிஇ என்ற, ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளை அளப்பது. பெரும்பாலான பழைய நோயாளிகளிடம் அது உயர்ந்திருக்கும்.

புதிதாக வந்தவர்களிடம் அது உயரவில்லை. கோதுமைக்கும், அதன் புரதமான குளூட்டனுக்கும் எதிரான ஐஜிஇ மட்டும் இருந்தது. வழக்கமான நோயாளிகளுக்கு உடம்பெங்கும் தடிப்பு முன்னால் நிற்கும். இவர்களுக்குக் கண்ணிமை வீக்கம் முன்னால் நின்றது. ஷிமானே பல்கலைக்கழகம், ஹிரோஷிமா பல்கலைக்கழகம், சகாமிஹாரா தேசிய மருத்துவமனை எனப் பல இடங்களில் இருந்த தோல், ஒவ்வாமை மருத்துவர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த வித்தியாசத்தைக் கவனித்தார்கள். ஏன் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள்? ஏன் முகத்தில்? முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டபோது, ஒருவர் பின் ஒருவராக அதே சோப்பின் பெயரைச் சொன்னார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். உணவு ஒவ்வாமை என்று வருபவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதுதான் பழக்கம். சாப்பாட்டை விட்டு குளியலறைக்குள் கேள்வியைக் கொண்டு போனதால்தான் விடை கிடைத்தது.

2010 அக்டோபரில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் இந்தப் புரதம் சேர்ந்த பொருட்களைப் பற்றி எச்சரித்து, பயன்படுத்துவோருக்குத் தெரியும்படி குறிப்பிடச் சொன்னது. அதற்குச் சற்று முன்பே நிறுவனம் சோப்பின் கலவையை மாற்றியிருந்தது. ஆனால் பழைய கட்டிகள் வீடுகளில் இருந்தன. தன்னார்வமாகத் திரும்பப் பெறும் அறிவிப்பு 2011 மே 20 அன்றுதான் வந்தது. இடையில் போன ஏழு மாதங்களில் எத்தனை பேர் தினமும் காலை, இரவு அந்த நுரையை முகத்தில் தேய்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. எச்சரிக்கை அரசுக் காகிதத்தில் இருந்தால் போதாது, சோப்புப் பெட்டியைக் கையில் வைத்திருப்பவரின் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

2011 ஜூலையில் ஜப்பான் ஒவ்வாமையியல் சங்கம் சிறப்புக் குழு ஒன்றை அமைத்தது. ஃபுஜிதா சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் மட்சுனாகா கயோகோ தலைமை ஏற்றார். நாடு முழுக்க உள்ள மருத்துவமனைகளிலிருந்து தகவல் திரட்டினார்கள். 2014 அக்டோபர் வரை உறுதியான நோயாளிகள் 2,111 பேர். வாங்கியவர்கள் எண்ணிக்கையோடு வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 2,200 பேரில் ஒருவர். மருத்துவரிடம் போகாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதற்குக் குழு கறாரான அளவுகோல் வைத்தது. முதலில், அந்தக் கோதுமைப் புரதம் சேர்ந்த பொருளைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அடுத்து, பயன்படுத்திய சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அரிப்பு, தடிப்பு, கண்ணிமை வீக்கம், மூக்கொழுகல் போன்றவை வந்திருக்க வேண்டும். அல்லது கோதுமை சாப்பிட்ட நான்கு மணி நேரத்துக்குள் ஒவ்வாமை தோன்றியிருக்க வேண்டும். கடைசியாக, சோதனையிலும் அது நிரூபணமாக வேண்டும். அந்தப் புரதத்தின் மிக நீர்த்த கரைசலை ஒரு சொட்டு தோலில் விட்டு ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பார்கள். கால் மணி நேரத்தில் தடிப்பு எழுந்தால் ஆம். ரத்தத்தில் அதற்கெதிரான ஐஜிஇயைக் காட்டும் பரிசோதனையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கோதுமையை என்ன செய்தார்கள்?

சோப்பில் இருந்த பொருளின் வணிகப் பெயர் கிளூபேர்ல் 19எஸ். இதைத் தயாரித்த விதத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

குளூட்டன் தண்ணீரில் கரையாது. சப்பாத்தி மாவைத் தண்ணீரில் அலசி அலசிப் பார்த்தால் கடைசியில் ரப்பர் போல மிஞ்சுவது அதுதான். சோப்பில் கலக்க வேண்டுமானால் அதைக் கரையும்படி ஆக்க வேண்டும். அதற்குக் குளூட்டனை அமிலத்தோடு சேர்த்து 95 டிகிரியில் சுமார் 40 நிமிடம் சூடாக்கினார்கள். புரதச் சங்கிலிகள் ஆங்காங்கே அறுந்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது. குளூட்டனில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் ஏராளம். அமிலச் சூட்டில் அவற்றில் பல குளூட்டாமிக் அமிலமாக மாறிவிட்டன. இதனால் புரதம் எதிர்மின் தன்மை பெற்றது, நன்றாகக் கரைந்தது, ஈரத்தைப் பிடித்தது, அடர்ந்த நுரைக்கும் துணை செய்தது. சோப்புக்காரர்களுக்கு வேண்டிய குணமெல்லாம் வந்துவிட்டது.

ஆனால் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இது பழைய கோதுமை இல்லை. குளூட்டமின் இருந்த இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வந்ததால் புரதத்தின் சில சின்னத் துண்டுகள் புது உருவம் எடுத்தன. அந்தப் புது உருவத்தை அடையாளம் கண்டு உடல் ஐஜிஇ தயாரித்தது. தயாரித்த ஐஜிஇ சாதாரணக் கோதுமையையும் ஓரளவுக்கு ஒத்ததாகப் பார்த்தது. சோப்பிடம் கற்றுக்கொண்ட எதிர்ப்பை ரொட்டியிடம் காட்டியது.

சங்கிலிகள் முழுதாக அறுந்திருந்தால் ஆபத்து குறைந்திருக்கும். தோலிலும் குடலிலும் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்களின் மேல் ஐஜிஇ ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே புரதத் துண்டு பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஐஜிஇகளைப் பற்றி இணைத்தால்தான் செல் வெடித்து, தடிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். துண்டு ரொம்பச் சிறியதாக இருந்தால் இரண்டையும் பிடிக்க முடியாது. கிளூபேர்ல் 19எஸ்-இல் பல்லாயிரம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பெரிய துண்டுகள் அப்படியே இருந்தன. பாதி உடைத்து, பாதி மாற்றி, பெரிதாகவே விட்ட புரதம். இதைவிட மோசமான சேர்க்கை அமைவது கடினம்.

தோல் ஏன் தடுக்கவில்லை?

500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டி உள்ளே போகாது என்று தோல் மருத்துவத்தில் ஒரு பொதுவிதி உண்டு. இந்தப் புரதம் அந்த எல்லையைப் போல எத்தனையோ மடங்கு பெரியது. காகிதத்தில் பார்த்தால் கழுவியதும் தண்ணீரோடு போய்விடும் பொருள்.

ஆனால் அந்த விதி முழுமையாக உள்ள தோலுக்குத்தான். முகம் கழுவும்போது நுரை கண்ணிலும் மூக்கிலும் படுகிறது. அங்கே உள்ள ஈரச்சவ்வில் தோலின் காய்ந்த மேலடுக்கு கிடையாது. சோப்பில் நுரை தரும் பொருள்களோ தோலின் கொழுப்பைக் கரைத்து அந்த மேலடுக்கையே தளர்த்துகின்றன. அழுக்கை எடுப்பதும் அதே வேலைதான். ஜப்பான் தேசிய சுகாதார அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தை எலிகளின் தோலில் வைத்துப் பார்த்தார்கள். தோல் வழியாகவே எலிகளுக்கு ஒவ்வாமை உண்டானது. நுரைப்பொருளையும் சேர்த்து வைத்தபோது விளைவு கூடியது. தினமும் இரண்டு வேளை, வருடக்கணக்கில், நன்றாக நுரை கட்டித் தேய்க்கச் சொன்ன சோப்பு இது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஒவ்வொரு 2,200 பேரில் மற்ற 2,199 பேருக்கு ஏன் வரவில்லை? பிறவி அமைப்பு ஒரு காரணம். பின்னால் நடந்த மரபணு ஆய்வு ஒன்று, எச்எல்ஏ-டிக்யூ என்ற பகுதியில் உள்ள வேறுபாடுகளோடு இந்த ஒவ்வாமைக்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. எந்தப் புரதத் துண்டை நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் அவை.

ஐரோப்பாவில் முன்பே அடித்த மணி

என்னை மிகவும் உறுத்துவது இதுதான். ஜப்பானில் வெடிப்பதற்கு முன்பே பிரான்சில் தோல் மருத்துவர்கள் இதே வகைப் பொருளால் வந்த உடனடித் தடிப்பைப் பற்றி எழுதியிருந்தார்கள். கிரீம், ஷாம்பு போன்றவற்றில் உள்ள நீராற்பகுத்த கோதுமைப் புரதம் பட்டதும் தடிப்பு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களில் சிலர் இதே புரதம் சேர்த்த உணவுக்கும் எதிர்வினை காட்டினார்கள். பிறகு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஒவ்வாமைத் துண்டும் ஜப்பானில் கண்டுபிடித்த துண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால், பிரெஞ்சு நோயாளிகளில் பலர் சாதாரண ரொட்டியைத் தடையின்றிச் சாப்பிட்டார்கள், மாற்றப்பட்ட குளூட்டன் சேர்ந்த பதப்படுத்திய உணவு மட்டும் அவர்களுக்கு ஆகவில்லை. ஜப்பானியர்களுக்குக் கோதுமையே ஆகாமல் போனது.

அந்த ஆய்வுகள் தோல் மருத்துவ இதழ்களில் இருந்தன. சோப்பின் கலவையை முடிவு செய்யும் மேசைக்கு அவை போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் யாரும் பொருட்படுத்தவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் பின்னால் விதி செய்தது. 2017 டிசம்பரில் வந்த ஒழுங்குமுறைப்படி அழகுசாதனங்களில் சேர்க்கும் கோதுமைப் புரதத் துண்டுகளின் சராசரி எடை 3.5 கிலோடால்டனை (3,500 டால்டன்) தாண்டக்கூடாது. சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு அது. இரண்டு ஐஜிஇகளைப் பற்றி இணைக்க ஏறக்குறைய அவ்வளவு நீளமாவது வேண்டும் என்ற கணக்கில் வைத்த எல்லை. அதே ஒழுங்குமுறை, அழகுசாதனங்களில் சேரும் நிலக்கடலை எண்ணெயில் கடலைப் புரதம் பத்து லட்சத்தில் 0.5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் சொன்னது. கடலை எண்ணெய் சேர்ந்த களிம்பை வீங்கிய, அரிக்கும் தோலில் பூசிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை அதிகம் என்று 2003இல் வந்த ஓர் இங்கிலாந்து ஆய்வு காட்டியிருந்தது. வாய் வழியாகப் போகும் உணவை உடல் பெரும்பாலும் ஏற்கக் கற்றுக்கொள்கிறது. கெட்டுப்போன தோல் வழியாக வரும் அதே உணவை எதிரியாகப் பார்க்கும் வாய்ப்பு அதிகம்.

ஜப்பானில் பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். நாட்டின் பல நகரங்களில் வழக்குகள் நடந்தன. 2018இல் டோக்கியோ, ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றங்கள் சோப்பில் குறைபாடு இருந்தது என்று ஏற்று, விற்ற நிறுவனமும் தயாரித்த நிறுவனமும் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தன.

உடல்நிலையைப் பொறுத்தவரை செய்தி அவ்வளவு மோசமில்லை. சோப்பை நிறுத்தியதும் பலரின் ரத்தத்தில் இருந்த ஐஜிஇ மெல்ல மெல்லக் குறைந்தது. சில ஆண்டுகளில் நிறையப் பேர் மீண்டும் கோதுமை சாப்பிட்டார்கள். ஒமேகா-5 கிளையடின் உயர்ந்திருக்கும் வழக்கமான வகைக் கோதுமை ஒவ்வாமை இப்படி லேசில் இறங்குவதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் குணமாகவில்லை. சோயா சாஸ், மாவு தோய்த்துப் பொரித்த மீன், ஊடோன் என்று கோதுமை எங்கெங்கும் இருக்கும் நாட்டில் ஒவ்வொரு உணவையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வாழ்ந்த வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

நம் அலமாரியில்

நீராற்பகுத்த கோதுமைப் புரதம் நம் ஊர்க் கடைகளில் உள்ள ஷாம்பு, கண்டிஷனர் பலவற்றிலும் உண்டு. பட்டியலில் 'ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்' என்று இருக்கும். 'டிரிட்டிகம் வல்கேர்' என்று தாவரப் பெயரோடும் வரும். அதைப் பார்த்ததும் பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தலையில் தேய்த்து அலசும் ஷாம்பு, முகத்தில் கண்ணோரம் வரை நுரை கட்டும் சோப்பு போல அதே அளவுக்குச் சவ்வில் படுவதில்லை. துண்டுகளின் அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆனால் பயன்படுத்திய அரை மணி நேரத்துக்குள் கண்ணோரம் அரித்தால், இமை வீங்கினால், தும்மல் வந்தால் அதை அலட்சியம் செய்யாமல் நிறுத்துங்கள். கோதுமை சாப்பிட்டு நடந்தபின் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது நீங்கள் முகத்திலும் தலையிலும் போடும் பொருட்களின் பெட்டிகளை எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். தாவரப் பொருட்களால் வரும் தோல் ஒவ்வாமையில் பெரும்பகுதி இந்த வகை இல்லை. நறுமண எண்ணெய்கள், டீ ட்ரீ எண்ணெய், சாமந்திக் குடும்பத்துச் செடிச் சாறுகள் போன்றவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் சிவந்த கரப்பானும் வருவதே வழக்கம். காற்றுப்பட்டுப் பழசாகும்போது இந்த எண்ணெய்களில் சில இன்னும் அதிகமாக ஒவ்வாமை தருகின்றன. பார்த்தீனியத்தால் தோல் நோய் உள்ளவர்கள் நம் நாட்டில் ஏராளம். பார்த்தீனியமும் சாமந்திக் குடும்பம்தான் என்பதால் கேமோமைல், ஆர்னிகா போன்றவை சேர்ந்த கிரீம்கள் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இந்தத் தாமத வகையைக் கண்டுபிடிக்க முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் உதவும். கோதுமைச் சோப்பு போன்ற உடனடி வகைக்கு அது உதவாது, ஊசிக் குத்துச் சோதனைதான் காட்டும். எனவே எவ்வளவு நேரத்தில் அரிப்பு வந்தது என்பதைச் சரியாகச் சொல்வது மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி.

கைக்குழந்தைகளுக்குக் கரப்பான் இருக்கும்போது கடலை எண்ணெய் தடவுவதையும், பயத்தமாவு, கடலைமாவு தேய்ப்பதையும் பற்றித் தோல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நல்ல தோலில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததை வெடித்துக் கசியும் தோலில் அப்படியே செய்யக்கூடாது. முதலில் அந்தத் தோல் ஆறட்டும். அதற்கான களிம்பையும் ஈரப்பதப் பூச்சையும் மருத்துவர் சொன்னபடி தொடருங்கள்.